ஆட்டின் ஆஸ்

கேத்தி பாலாடா. கேரட் கழுவும் ஷெட்.
இரவு ஒன்றரை.
மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காலி லாரி
இன்னும் பர்லியாறு தாண்டவில்லை என்று
போனில் சொன்னான் கிளீனர்.
அதுவரை ஆட்டம்.

காசுக்குப் பதில் கேரட் வில்லை:
மெல்லியது பத்து, தடித்தது நூறு.
தர்மசீலன் பசியில்
தன் இருநூறு ரூபாயைக் கடித்துத் தின்றுவிட்டு
கடன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெனடிக்ட் கப்பலில் பரிமாறிய காலத்தில்
கற்றுவந்த ஆட்டம்.
ரம்மி மாதிரி சேர்க்கிறது இல்ல, கணக்கக்கா,
இது சொல்றது, என்பான்.
கடைசியாய்த் திறக்கும் சீட்டுக்கு ரிவர் என்று பேர்.
எங்கள் ரிவர் ஷெட்டுக்குப் பின்னால் ஓடுகிறது,
கழுவிய மண்ணோடு, முழங்கால் ஆழத்தில்.

கவிழ்த்த கிரேட்டின் மேல்
ஆட்டின் ஜாக்கி, இஸ்பேட் பத்து, ஆட்டின் ரெண்டு.
பிறகு கிளாவர் ஏழு.
பிறகு, ரிவரில், ஆட்டின் நாலு.

போஜன் தடித்த வில்லை ஆறை நகர்த்தினான்.
விரல் நடுங்கவில்லை.
மூக்கை உறிஞ்சினான்,
பனிக்கா சீட்டுக்கா தெரியவில்லை.

என் கையில் ஒரு பத்து.
கூட, துணையில்லாத ஆட்டின் ஆஸ்.

மொத்தத்தையும் தள்ளினால்
என்னைவிட மெலிந்த கை எது துணிந்து வரும்?
எதுவும் வராது.
என்னைவிடப் பெருத்த கை எது எழுந்து போகும்?
அதற்கு ஆளிருந்தால் தள்ளலாம்.
இரண்டுக்கும் ஆளில்லாமல் தள்ளுகிறவர்கள் உண்டு,
தர்மசீலன் போல,
பிறகு கேரட் தின்பார்கள்.

ஆஸ் என்னிடம் இருக்கிறது,
ஆகவே அவனிடம் இல்லை.
அந்த இரவில் எனக்கு நிச்சயமாய்த் தெரிந்தது
இது ஒன்றுதான்.
முந்தைய சுற்றுகளில் கால், கால் என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன்,
ஆட்டினுக்குக் காத்திருப்பவள் அப்படித்தான் சொல்வாள்.
கதை பொருந்துகிறது.
என் முன்னால் இருபத்திரண்டு.
அவனிடம் மிச்சம் பதினாறு.

இல்லை, இன்னொன்றும் தெரியும்.
அது சீட்டில் இல்லை.
பேரேடு, பக்கம் நாற்பத்தேழு, போஜன்:
விதைக்கும் உரத்துக்கும் முப்பத்தெட்டாயிரம்,
டிசம்பர் உறைபனியில் கருகியது அறுபது சென்ட்,
திங்கட்கிழமை முதலாளிக்கு வட்டி ஆயிரத்து அறுநூறு.
பதினாறு வில்லை.

நான் தள்ளினால்
எதை வைத்திருந்தாலும் போட்டுவிடுவான்.
இழக்க முடியாதவனிடம் சொல்கிற பொய்க்கு
ஆஸ் எதற்கு?
கப்பலில் சீட்டாடியவர்களின் பேரேட்டை
பெனடிக்டிடம் யாரும் காட்டியிருக்கமாட்டார்கள்.

வெளியே புல் வெளுக்கத் தொடங்கியிருந்தது.
நாளைக்கே பிடுங்குவதா,
விலை ஏறட்டுமென்று மூன்று நாள் மண்ணில் விடுவதா என்று
சாயங்காலம் முழுக்க அவனும்
இதே முகத்தோடுதான் நின்றிருந்தான்.

சீக்கிரம் சொல்லுங்க கணக்கக்கா.

கால், என்றேன்.

திறந்தான்: ஒன்பதும் எட்டும்.
ஏழிலிருந்து ஜாக்கி வரை வரிசையாய்,
கையில் ஆட்டின் ஒன்றுகூட இல்லை.
தள்ளியிருந்தால் எழுந்திருப்பான்.
ஆஸைக் கவிழ்த்துக் கட்டுக்குள் செருகினேன்.

இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம்.
என் நெஞ்சு அடித்த அடி எனக்குத் தெரியும்.
இரக்கத்துக்கும் பயத்துக்கும்
இந்தக் குளிரில் ஒரே ஸ்வெட்டர்.

லாரி ஹார்ன் கேட்டதும்
வில்லைகளை எண்ணி ரூபாயாக்கிக்கொண்டோம்.
போஜன் என் நோட்டுகளை நீவி,
தன்னுடையவற்றோடு சேர்த்து,
என்னிடமே நீட்டினான்.
திங்கள்வரை கையில் நிக்காது,
இப்பவே வட்டியில வரவு வெச்சுடுங்க.

பக்கம் நாற்பத்தேழைத் திறந்தேன்.
என் பணம், என் கையெழுத்து, அவன் பேர்.
பேனா எழுதவில்லை, மை இறுகியிருந்தது.
முனையை வாயருகே பிடித்து ஊதினேன்.
அவன் அதற்குள் மூட்டை தூக்கப் போயிருந்தான்.